அசைவுக்கு முன் எழும் அலை

2019 மார்ச் 7ஆம் தேதி மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், எங்கள் ஊரான பாசிர் கூடாங்கின் சுங்கை கிம் கிம் ஆற்றில் திருட்டுத்தனமாகக் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவு, ஒரு வாரத்துக்குள் ஊரையே முடக்கிப் போட்டது. தாமான் பாசிர் பூத்தே பள்ளிப் பிள்ளைகள் மூச்சுத் திணறினார்கள், வாந்தி எடுத்தார்கள். மார்ச் 13 அன்று வட்டாரத்தின் 111 பள்ளிகளையும் மூடச் சொல்லி உத்தரவு வந்தது. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போனார்கள். அவர்களில் சிலருக்கு மூச்சுக் கோளாறோடு இன்னொன்றும் தென்பட்டது. அவர்கள் அசைக்காமலே தசைகள் வெட்டி வெட்டித் துடித்தன. மயோக்ளோனஸ் என்று அதற்குப் பெயர் சொன்னது சுகாதார அமைச்சு.

காற்றில் கலந்த வாயுக்களைப் பற்றியும் நீதிமன்ற வழக்குகளைப் பற்றியும் நிறைய எழுதியாயிற்று. அந்தத் துடிப்பைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. நரம்பியலின் மிகப் பழைய கேள்வி ஒன்று அதற்குள் இருக்கிறது. ஓர் அசைவை ‘நான் செய்தேன்’ என்கிறோம். இன்னோர் அசைவை ‘அதுவாக வந்தது’ என்கிறோம். தண்ணீர்க் குவளையை எடுக்க நீளும் கையும், கண்ணயரும் நேரத்தில் திடுக்கென உதறும் காலும் ஒரே மாதிரித் தசைகளால்தான் அசைகின்றன. தசைக்குப் போகும் கடைசி நரம்புக்கு இந்த வேற்றுமை தெரியாது. அது இருந்தால் மேலே, மூளையில்தான் இருக்க வேண்டும். அங்கே ஒரு தடயம் இருப்பது 1964இல் தெரியவந்தது. அந்தத் தடயத்தைப் பிடித்துக்கொண்டு மனிதனுக்குச் சுதந்திர விருப்பமே இல்லை என்று வாதிட்டவர்கள் உண்டு. நோயாளியின் துடிப்பு மெய்யா பொய்யா என்று அதை வைத்தே தீர்ப்புச் சொல்லலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. இரண்டு சுமையையும் அந்தச் சிறு அலை தாங்காது என்பதே அறுபது ஆண்டு ஆய்வுகளைப் படித்துப் பார்க்கையில் எனக்குப் படுகிறது. அது தாங்கக்கூடிய சுமை வேறு.

ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் ஹான்ஸ் ஹெல்முட் கோர்ன்ஹூபர் என்ற நரம்பியல் மருத்துவரும் அவருடைய மாணவர் லூடர் டீக்கேயும் 1964 வசந்த காலத்தில் ஓர் உணவகத் தோட்டத்தில் அமர்ந்து பேசினார்கள். அன்றைய மூளை ஆய்வு பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் தூண்டலையே நம்பியிருந்தது. விளக்கை மின்னவிடுவார்கள், ஒலி எழுப்புவார்கள், மூளை என்ன செய்கிறது என்று பார்ப்பார்கள். மனிதன் தானாக ஒன்றைத் தொடங்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்பாரில்லையே என்பதுதான் அவர்கள் ஆதங்கம். கேட்பது எளிது, அளப்பதுதான் கடினம். விளக்கு எப்போது மின்னும் என்பது ஆய்வாளர் கையில் இருக்கிறது. ஒருவர் எப்போது விரலை அசைப்பார் என்பதோ, அவர் அசைத்த பிறகுதான் தெரியும். அதற்குள் மூளையில் நடக்க வேண்டியது நடந்து முடிந்திருக்கும்.

அவர்கள் கண்ட வழி இது. மூளை மின்னலைகளையும் விரல் தசையின் மின் துடிப்பையும் ஒரே காந்த நாடாவில் பதிந்தார்கள். பிறகு நாடாவைப் பின்னோக்கி ஓட்டினார்கள். தசை துடித்த கணத்தைத் தொடக்கமாக வைத்து, அதற்கு முந்தைய வினாடிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தார்கள். ஒற்றைப் பதிவில் எதுவும் தெரியாது. மூளையின் வழக்கமான அலைகள் 100 மைக்ரோவோல்ட் வரை எழும்பும். இவர்கள் தேடியது 10 மைக்ரோவோல்ட்டைக்கூட எட்டாதது. திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் முணுமுணுப்பதைக் காது கொடுத்துக் கேட்பது போன்ற வேலை. ஏராளமான பதிவுகளைச் சேர்த்தபோது இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்தது, முணுமுணுப்பு மிஞ்சியது. விரல் அசைவதற்கு ஒன்று, ஒன்றரை வினாடிக்கு முன்பே உச்சந்தலைப் பகுதியில் மின்னழுத்தம் மெல்ல எதிர்மின் பக்கம் நகரத் தொடங்குகிறது. கடைசி அரை வினாடியில் அந்தச் சரிவு செங்குத்தாகிறது. எந்தக் கை அசையப் போகிறதோ அதற்கு எதிர்ப்பக்க மூளையில் கூடுதலாகத் தெரிகிறது. 1965இல் இந்த ஆய்வு வெளியானது. பெரைட்ஷாஃப்ட்ஸ்பொடென்ஷியால் என்ற ஜெர்மன் பெயரை நரம்பியலாளர்கள் இன்றும் அப்படியே வழங்குகிறார்கள். இங்கே ஆயத்த அலை என்று சொல்லிக்கொள்வோம்.

ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இது நிபுணர்களின் சொத்தாகவே இருந்தது. 1983இல் சான் ஃபிரான்சிஸ்கோவைச் சேர்ந்த பெஞ்சமின் லிபெட் அதைத் தத்துவவாதிகளின் முற்றத்துக்கு இழுத்து வந்தார். அவர் ஆய்வில் ஒருவர் ஒரு கடிகார முகப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அதில் ஓர் ஒளிப்புள்ளி 2.56 வினாடிக்கு ஒரு சுற்று வரும். மனம் தோன்றும்போது அவர் மணிக்கட்டை அசைக்க வேண்டும். ‘அசைக்கலாம்’ என்ற உந்துதல் முதலில் தோன்றியபோது புள்ளி எங்கே இருந்தது என்று பிறகு சொல்ல வேண்டும். முடிவு பலரையும் திடுக்கிட வைத்தது. முன்கூட்டித் திட்டமிடாத அசைவுகளில் ஆயத்த அலை 550 மில்லி வினாடிக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. உந்துதல் உணரப்படுவதோ அசைவுக்குச் சுமார் 200 மில்லி வினாடிக்கு முன்புதான். அதாவது, நமக்குத் தெரிவதற்கு மூன்றில் ஒரு பங்கு வினாடி முன்பே மூளை வேலையை ஆரம்பித்துவிடுகிறது. நாம் முடிவெடுக்கிறோம் என்பது வெறும் பிரமை என்று ஒரு கூட்டம் அன்றே கிளம்பிவிட்டது.

லிபெட் அந்தக் கூட்டத்தில் சேரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உந்துதல் தெரிந்த பிறகும் அசைவைத் தடுத்துவிட நேரம் இருக்கிறது, மனிதனின் சுதந்திரம் அந்தத் தடுப்பில் இருக்கிறது என்பது அவர் கட்சி. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரனும் இந்த ‘வேண்டாம்’ என்னும் சுதந்திரத்தை எடுத்துப் பேசியிருக்கிறார்.

லிபெட்டின் கடிகாரத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. அவர் ஆய்விலேயே அதற்கான காரணம் இருக்கிறது. உந்துதல் எப்போது என்று கேட்காமல், கை அசைந்தது எப்போது என்று கேட்டபோதும் அவர்கள் உண்மையான நேரத்துக்குச் சுமார் 85 மில்லி வினாடி முந்தியே சொன்னார்கள். கண்ணுக்குத் தெரியும் அசைவிலேயே அவ்வளவு பிழை என்றால், உள்ளே எழும் உந்துதலுக்கு நேரம் குறிப்பதை எப்படித் துல்லியம் என்பது?

ஆனாலும் வேட்டை நிற்கவில்லை. 2008இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஜான்-டிலன் ஹேய்ன்ஸ் குழு மூளையை ஸ்கேன் செய்தபடி, இரு பொத்தான்களில் ஒன்றை மனம்போல அழுத்தச் சொன்னது. எதை அழுத்தப்போகிறார் என்பதற்கான குறிப்பு ஏழு வினாடிக்கு முன்பே நெற்றி முனைப் பகுதியில் தெரிந்ததாக அறிவித்தது. அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சூன் சுன் சியோங் பிற்பாடு ஜொகூர் நீரிணைக்கு அக்கரையில், சிங்கப்பூரின் டியூக்-என்யூஎஸ் மருத்துவப் பள்ளியில் ஆய்வு செய்தவர். ‘ஏழு வினாடிக்கு முன்பே உங்கள் மூளை முடிவெடுத்துவிடுகிறது’ என்று உலகச் செய்தித்தாள்கள் எழுதின. கணிப்பு எவ்வளவு சரியாக வந்தது என்பதைப் பலர் எழுதவில்லை: நூற்றுக்கு அறுபது. நாணயத்தைச் சுண்டினாலே ஐம்பது வரும். ஒரு பக்கம் சாய்வு இருந்தது என்பதற்கு இது சான்று. முடிவு எடுத்தாயிற்று என்பதற்குச் சான்று ஆகாது.

2011இல் இட்சாக் ஃப்ரீட் குழு செய்தது இன்னும் வலுவானது. வலிப்பு நோய் அறுவைக்காக மூளைக்குள் மின்முனைகள் பதிக்கப்பட்ட 12 நோயாளிகளிடம் தனித்தனி நரம்பணுக்களையே கேட்டார்கள். துணை இயக்கப் புறணி என்ற பகுதியில் 256 அணுக்களின் துடிப்பை வைத்து, அவர்கள் உந்துதலை உணர்வதாகச் சொல்லும் நேரத்துக்கு 700 மில்லி வினாடி முன்பே, நூற்றுக்கு எண்பதுக்கு மேல் சரியாகக் கணிக்க முடிந்தது. இதே ஃப்ரீட் 1991இல் அந்தப் பகுதியில் மின்சாரம் செலுத்தியபோது, சில நோயாளிகள் கையை அசைக்க வேண்டும் போலிருக்கிறது என்று சொன்னார்கள். உந்துதல் என்பதே தசையைப் போல மூளையில் இடம் பிடித்திருக்கிறது என்பதை இதைவிட நேராகக் காட்ட முடியாது.

சரி, அந்த அலை உண்மையில் என்ன? இதற்கு 2012இல் ஆரன் ஷர்கர், ஜாக்கோபோ சித், ஸ்தானிஸ்லாஸ் தெஹேன் மூவரும் சொன்ன விடைதான் இந்தத் துறையைப் புரட்டிப் போட்டது. மூளையின் மின் செயல்பாடு சும்மா இருக்கும்போதும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. ‘எப்போதாவது அசை’ என்று மட்டும் சொல்லி ஒருவரை உட்காரவைத்தால், அவசரம் எதுவும் இல்லை. தற்செயலான ஏற்றம் ஒன்று குறிப்பிட்ட வரம்பைத் தொடும்போது அசைவு பிறக்கிறது. நாம் அசைவு பிறந்த கணங்களை மட்டும் பொறுக்கியெடுத்துப் பின்னோக்கிச் சராசரி எடுக்கிறோம். அப்படிப் பொறுக்கினால், வரம்பை நோக்கி மெல்ல ஏறும் ஒரு கோடு தெரிந்தே ஆக வேண்டும். அந்தக் கோட்டின் தொடக்கத்தை முடிவெடுத்த நேரம் என்று வாசித்ததுதான் தவறு. அசைவு உறுதியாவது கடைசி 150, 200 மில்லி வினாடியில்தான்; அதாவது உந்துதலை உணர்வதாக மனிதர்கள் சொல்லும் நேரத்துக்கு வெகு அருகில். மூன்றில் ஒரு பங்கு வினாடிப் புதிர் இந்த விளக்கத்தில் ஏறக்குறையக் கரைந்துபோகிறது.

இந்த விளக்கத்தை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. துணை இயக்கப் புறணி திட்டமிட்டே ஆயத்தம் செய்கிறது என்பார் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் 2019இல் உரி மாவோஸ், லியாட் முத்ரிக் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு என்னை ஷர்கர் பக்கம் சாய வைக்கிறது. இரண்டு தொண்டு நிறுவனங்களில் எதற்கு 1,000 டாலர் போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் இரண்டுக்கும் சமமாகத்தான் போகும் என்ற சுற்றுகளில் ஆயத்த அலை வழக்கம்போல் எழுந்தது. தேர்வு உண்மையில் பணத்தைத் தீர்மானிக்கும் சுற்றுகளில் அந்த அலை அநேகமாகக் காணப்படவே இல்லை. காரணத்தோடு எடுக்கும் முடிவுகள் வேறு வழியில் போகின்றன என்றால், காரணமில்லாத விரலசைவை வைத்து மனித வாழ்வுக்கே தீர்ப்புச் சொன்னது எவ்வளவு அவசரம்!

சட்டமும் இந்த விரலசைவை வைத்துத் தீர்ப்புச் சொல்வதில்லை. ‘தன்னிச்சையாக’ என்ற சொல்லுக்கு மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு விளக்கம் தருகிறது. விளைவை எண்ணிச் செய்தாரா, அல்லது அது நேரும் என்று தெரிந்தோ, நம்பக் காரணமிருந்தோ செய்தாரா என்பதே அங்கே கேள்வி. கழிவைக் கொண்டுவந்து ஆற்றில் கொட்டுகிறவன் திட்டமிட வேண்டும், வண்டி பிடிக்க வேண்டும், ஆள் பார்க்காத நேரம் தேட வேண்டும். அரை வினாடி அலை எதுவும் அவனுக்குச் சாக்காகாது.

அலை ஆய்வகத்துக்குள் மட்டும் அடங்கிக் கிடப்பதில்லை என்பதற்கு ஓர் அழகான சான்று உண்டு. ஆஸ்திரியாவில் இன்ஸ்ப்ருக் அருகே 192 மீட்டர் உயரப் பாலத்திலிருந்து கயிறு கட்டிக் குதித்தவர்களின் தலையில் மின்முனைகளைப் பொருத்தி, குதிப்பதற்கு முந்தைய கணத்தைப் பதிவு செய்தார்கள். 2019இல் வெளியான அந்த ஆய்வில் லூடர் டீக்கேயும் ஒருவர். விரலசைவில் தெரிந்த அதே அலை, உயிரைக் கையில் பிடித்துக் குதிக்கும்போதும் இருந்தது.

எங்கள் பாசிர் கூடாங்குக்கு நேரடியாகப் பொருந்துவது பெர்லின் குழு 2016இல் செய்த பந்தயம். ஒருவர் காலால் தரைப் பொத்தானை மிதிக்க வேண்டும். கணினி அவர் மூளையலையைக் கவனித்து, ஆயத்த அலை எழுவது தெரிந்ததும் சிவப்பு விளக்கைக் காட்டும். விளக்கு வந்ததும் நிறுத்த வேண்டும். அலை எழுந்த பிறகும் பலமுறை அவர்களால் நிறுத்த முடிந்தது. லிபெட் சொன்ன ‘வேண்டாம்’ வெறும் ஆசை அல்ல என்பதை இது காட்டுகிறது. ஆனால் அசைவுக்கு 200 மில்லி வினாடிக்குள் விளக்கு வந்தால், நிறுத்த நினைத்தும் கால் நகர்ந்துவிட்டது. அதுதான் திரும்ப முடியாத எல்லை. 1977இல் துறைமுகம் இயங்கத் தொடங்கியதிலிருந்து கிரேனும் ஃபோர்க்லிஃப்டும் கொள்கலன் லோரியுமாக உழைக்கும் ஊர் இது. இயந்திரப் பாதுகாப்புத் தரநிலைகள் நீளும் கையின் வேகத்தை வினாடிக்கு 2 மீட்டர் என்று கணக்கிடுகின்றன. அந்த வேகத்தில் 200 மில்லி வினாடி என்பது 40 சென்டிமீட்டர். விபத்து நடந்ததும் ‘கவனமாக இருந்திருக்கலாமே’ என்று தொழிலாளியைச் சாடும் மேலாளர்கள் இந்த நாற்பது சென்டிமீட்டரை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த இடைவெளியில் எச்சரிக்கைப் பலகையால் பயனில்லை. இயந்திரத்துக்குக் காப்புத் தடுப்பு இருந்தால்தான் விரல் மிஞ்சும்.

இனி மருத்துவத்துக்கு வருவோம். ஆயத்த அலையின் மெய்யான வீடு அதுதான் என்பேன். பார்க்கின்சன் நோயாளிகளிடம் அலையின் முற்பகுதி சிறுத்துவிடுகிறது. லெவோடோப்பா மருந்து கொடுத்தால் தேறுகிறது. தானாக அடியெடுத்து வைக்க முடியாமல் உறைந்து நிற்கும் பெரியவர், தரையில் குறுக்குக் கோடுகள் இருந்தால் அவற்றைத் தாண்டித் தாண்டி நடந்துவிடுவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. உள்ளிருந்து தொடங்கும் வழி அடைபட்டிருக்கிறது. கண் வழியாக வரும் தூண்டலுக்கு வேறு வழி திறந்திருக்கிறது. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் அவரை இழுக்காதீர்கள், அதட்டாதீர்கள். தரையில் வண்ண நாடா ஒட்டிப் பாருங்கள். பக்கவாதத்தில் கால் விழுந்தவருக்கும் இந்த அலை உதவக்கூடும். அசைப்பதாக நோயாளி மனத்தில் நினைக்கும்போதும் அது எழுகிறது. அந்தக் கணத்தை ஒட்டிக் கால் நரம்பை மின்சாரத்தால் தூண்டினால் மூளையிலிருந்து தசைக்குப் போகும் பாதை வலுப்படுவதாக டென்மார்க்கின் ஆல்போர்க் ஆய்வாளர்கள் 2012இலிருந்து காட்டி வருகிறார்கள்.

தசைத் துடிப்பு விஷயத்தில் சோதனை எப்படி நடக்கிறது என்பதைச் சற்று அருகிலிருந்து பார்க்கலாம். நோயாளி நாற்காலியில் கையைத் தளர்த்தி உட்காருவார். தலையில் பசை தடவி மின்முனைகள் பொருத்துவார்கள். துடிக்கும் தசையின் மேல் இரண்டு ஒட்டுவார்கள். கண் சிமிட்டல் பதிவைக் கெடுக்கும் என்பதால் கண்ணோரமும் ஒன்று. பிறகு காத்திருப்பதுதான் வேலை. துடிப்பு வரும், நிற்கும், மறுபடி வரும். நாற்பது ஐம்பது துடிப்புகளாவது சேர்ந்தால்தான் ஏதாவது தெரியும். ஒவ்வொரு துடிப்பின் தொடக்கத்தையும் குறித்துக்கொண்டு, ஃப்ரைபுர்க்கில் செய்தது போலவே பின்னோக்கிச் சராசரி எடுப்பார்கள். மூளைப் புறணியிலேயே எழும் மயோக்ளோனஸ் என்றால், கைத் துடிப்புக்குச் சுமார் 20 மில்லி வினாடி முன்னால் கூர்மையான ஓர் ஈட்டி முனை தெரியும். தசை வெடிப்பும் 50 மில்லி வினாடிக்குள் முடிந்துவிடும். மாறாக, துடிப்புக்கு ஒரு வினாடி முன்பிருந்தே ஆயத்த அலை மெல்ல எழுந்தால், அந்தத் துடிப்பு விருப்ப அசைவு பயணிக்கும் பாதையிலேயே வந்திருக்கிறது என்று பொருள். செயல்பாட்டு மயோக்ளோனஸ் என்று அதற்குப் பெயர். 1995இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இத்தகைய நோயாளிகளிடம் இந்த அலையைப் பதிவு செய்து காட்டினார்கள்.

இந்த இடத்தில்தான் பெரிய தவறு நேர்கிறது. ‘அலை இருக்கிறது, அப்படியானால் நடிக்கிறார்’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது அநீதி, அறிவியலும் அல்ல. 2011இல் லண்டனில் மார்க் எட்வர்ட்ஸ், கைலாஷ் பாட்டியா, பாட்ரிக் ஹாகார்ட் முதலியோர் செயல்பாட்டு நடுக்கம் உள்ளவர்களை லிபெட்டின் கடிகாரத்துக்கு முன் உட்கார வைத்தார்கள். விரும்பி விரலை அசைக்கும்போதுகூட, உந்துதலை அவர்கள் உணர்ந்த நேரம் மற்றவர்களைவிட அசைவுக்கு மிக நெருக்கமாக இருந்தது. தம் அசைவுக்கு முந்தைய எண்ணம் அவர்களுக்குச் சரியாக எட்டவில்லை. பாதை ஒன்றாக இருந்தாலும், ‘இது என்னுடையது’ என்னும் முத்திரை விழவில்லை. ஆகவே துடிப்பு தானாக வருகிறது என்று அந்த நோயாளி சொல்வது அவர் அனுபவித்த உண்மை. கடிகாரத்தின் துல்லியத்தை நான் சந்தேகித்தேன்; ஆனால் இரு தரப்பினரையும் ஒரே கடிகாரத்தால் அளந்து ஒப்பிடும்போது அந்தப் பிழை பெரும்பாலும் கழிந்துபோகிறது.

மறுபுறத்தையும் சொல்லியாக வேண்டும். செயல்பாட்டு மயோக்ளோனஸ் உள்ள எல்லோரிடமும் அலை தெரிவதில்லை. டிக் எனப்படும் எளிய திடீர் அசைவுகளுக்கு முன் அது இல்லை என்று 1981இல் கண்டார்கள். பிற்கால ஆய்வுகளில் சிலரிடம் தென்பட்டது. அலை இல்லை என்பதால் மட்டும் எதையும் விலக்க முடியாது. தசை வெடிப்பின் நீளம், மறு கையால் தாளம் தட்டச் சொன்னால் துடிப்பு அந்தத் தாளத்துக்கு இழுபடுகிறதா, தொட்டால் கூடுகிறதா, இப்படிப் பல குறிப்புகளோடு சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

சுங்கை கிம் கிம் நிகழ்வு போன்ற பேரிடரில் இந்த வேறுபாடு சிகிச்சையையே மாற்றும். நச்சு வாயு நரம்பைத் தாக்கலாம். மூச்சடைத்து மூளைக்கு ஆக்சிஜன் குறைந்தாலும் மயோக்ளோனஸ் வரும் என்பது 1963இல் லான்ஸ், ஆடம்ஸ் இருவரும் விவரித்ததிலிருந்து தெரிந்ததே. ஒரு பொருளை எடுக்கக் கையை நீட்டினாலே துடிப்பு கிளம்பும் வகை அது. அதே நேரம் மயங்கி விழுந்த தோழியைக் கண்ட பிள்ளையின் உடலில், பயமும் வலியும் செயல்பாட்டு அறிகுறிகளை எழுப்பலாம். ஒரே பிள்ளையிடம் இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். முதல் வகைக்கு வலிப்புத் தடுப்பு மருந்துகள் உதவும். இரண்டாவது வகைக்கு அவை பயன்படா. நோயை விளக்கிச் சொல்வதும், அசைவைப் புதிதாகப் பழக்கும் உடற்பயிற்சியும் மனநலச் சிகிச்சையும் உதவும். பிரித்தறியாமல் கொடுக்கும் மருந்து, ஒரு பிள்ளையை வகுப்பறையில் தூங்கி வழிய வைக்கும். இன்னொரு பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய மருந்தைத் தள்ளிப்போடும்.

இந்தச் சோதனைக்கு ஊசியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. மூளையலைக் கருவி பெரிய மருத்துவமனைகளில் ஏற்கெனவே இருக்கிறது. தசைப் பதிவையும் மூளைப் பதிவையும் ஒன்றாக எடுத்துப் பொறுமையாகச் சராசரி போடும் பயிற்சிதான் வேண்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கோ பெரியவருக்கோ கை கால் தானாகத் துடித்து, ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னால், அதோடு திரும்பி வந்துவிடாதீர்கள். துடிப்பைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு நரம்பியல் நிபுணரிடம் போங்கள். தசைப் பதிவோடு சேர்ந்த மூளையலைப் பதிவு (இ.இ.ஜி.) எடுக்க முடியுமா என்று கேளுங்கள். முடிவு எதுவாக வந்தாலும், ‘நடிக்கிறான்’ என்ற சொல்லை அந்த அறையில் யாரும் சொல்ல அனுமதிக்காதீர்கள்.